நிலக்கரிக்குக் கணக்கு எழுதிய கதை

1850இல் உலகிலேயே அதிகமாக நிலக்கரி வெட்டிய நாடு பிரிட்டன். ரயில், நீராவிக் கப்பல், இரும்பு உலை, பருத்தி ஆலை, வீட்டுக் கணப்பு என எல்லாமே அதை நம்பித்தான் ஓடின. ஆனால், ஆண்டுக்கு எத்தனை டன் வெட்டுகிறோம் என்பது அந்த நாட்டு அரசுக்கே தெரியாது. 1840களில் சிலர் மூன்றரைக் கோடி டன் என்று மதிப்பிட்டார்கள். 1854ஆம் ஆண்டுக்கு முறையாகக் கணக்கெடுத்தபோது கிடைத்த எண் 6,46,61,401 டன். இடைப்பட்ட காலத்தில் உற்பத்தி பெருகியது உண்மைதான். ஆனாலும் பழைய மதிப்பீடுகள் மிகவும் குறைவாகவே இருந்தன.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் அளவை. நீண்ட காலம் நிலக்கரியை எடை போடாமல், நெல்லை மரக்காலில் அளப்பதுபோல் அளந்தார்கள். அந்த அளவுக்கு சால்ட்ரன் என்று பெயர். கரித் துறைமுகமான நியூகாசிலில் ஒரு சால்ட்ரன் ஏறத்தாழ 2,700 கிலோ. அதே கரி கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தால், அங்கே சால்ட்ரன் என்பது அதில் ஏறக்குறையப் பாதிதான். அதுவும் தலைதட்டாமல் குவித்து அளக்கும் அளவு.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. நியூகாசில்காரரான கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன் அதை எண்களிலேயே காட்டினார். ஒரு கன கஜம் உள்ள கரிப்பாளம், ‘போல்’ என்ற கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்து வரும். ஓரளவு உடைத்தால் ஏழரை. பொடிப்பொடியாக நொறுக்கினால் ஒன்பது. கரி ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை. துண்டுகளுக்கு நடுவே காற்றுதான் கூடியது. வியாபாரிகள் வழிநெடுக உடைத்துக்கொண்டே வந்ததில் வியப்பில்லை. லண்டனில் எடைபோட்டுத்தான் விற்க வேண்டும் என்று 1831இல் சட்டம் வந்தது.

இன்னொரு காரணம், முழுக் கணக்கு இல்லாதது. துறைமுகத்தைத் தாண்டும் கரிக்கு வரி இருந்ததால், அதற்குச் சுங்கக் கணக்கும் இருந்தது. உள்நாட்டில் வண்டியிலும் வாய்க்காலிலும் போனதற்கும், சுரங்கத்தை ஒட்டிய இரும்பு உலையிலேயே எரிந்து தீர்ந்ததற்கும் என்ன கணக்கு?

அதைத் திரட்டும் வேலை ராபர்ட் ஹன்ட் என்பவரிடம் வந்தது. 1840இல் தொடங்கிய சுரங்கப் பதிவு அலுவலகத்துக்கு 1845இல் பொறுப்பாளராக வந்தவர் அவர். ஒளிப்படக் கலை பற்றி நூல் எழுதியவர். கார்ன்வால் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். கணக்கைக் கொடு என்று கட்டாயப்படுத்தும் சட்ட அதிகாரம் எதுவும் அவர் கையில் இல்லை. சுரங்க முதலாளிகள் மனமுவந்து கொடுத்ததையும், ரயில் நிறுவனங்கள் போன்றவற்றிடம் கேட்டு வாங்கியதையும் ஒட்டவைத்துத்தான் ஆண்டுதோறும் கனிமப் புள்ளிவிவரம் வெளியிட்டார். கடைசி இலக்கம் வரை துல்லியமாகத் தெரியும் அந்த 6,46,61,401க்குள் நிறைய மதிப்பீடுகளும் கலந்திருந்தன. ஆனாலும் கெஞ்சிக் கேட்டே ஒரு நாட்டின் கணக்கை எழுதிய அந்த உழைப்பு சாதாரணமானதல்ல.

அந்த எண்கள் நாட்டையே உலுக்கின. 1865இல் பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவான்ஸ், ஹன்ட்டின் கணக்கிலிருந்து ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு வளர்ச்சி என்று கண்டார். இதே வேகத்தில் போனால் 1961இல் ஆண்டுத் தேவை 260 கோடி டன்னைத் தாண்டும், அது நடக்கவே முடியாத காரியம் என்று எச்சரித்தார். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் இதை எடுத்துப் பேசினார். 1866இல் அரச ஆணையம் அமைந்தது. பூமிக்கடியில் இன்னும் 14,648 கோடி டன் இருக்கிறது என்று 1871இல் அது அறிக்கை தந்தது. உற்பத்திக் கணக்கை ஆண்டுதோறும் ஒப்படைப்பதை 1872ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்க முதலாளிகளுக்குக் கட்டாயமாக்கியது.

உற்பத்திக் கணக்கு தொடங்கியது சுரங்க வாயிலில் இருந்த எடைமேடையில்தான். அங்கே இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கரி வெட்டுபவர் தான் நிரப்பிய தொட்டிவண்டியில் தன் அடையாள வில்லையை மாட்டி மேலே அனுப்புவார். மேலே முதலாளியின் ஆள் எடை போட்டு, அந்த வில்லைக்கு நேரே எழுதுவார். கல்லும் மண்ணும் கலந்திருக்கிறது என்று சொல்லி எடையைக் கழித்தால், கூலியும் கழிந்தது. கீழே இருட்டில் நிற்பவருக்கு அது தெரியவும் வராது. எடையைச் சரிபார்க்கத் தங்கள் சார்பில் ஒருவரை, தங்கள் கூலியிலிருந்தே சம்பளம் கொடுத்து நிறுத்திக்கொள்ளும் உரிமை 1860இல் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அவர் அதே சுரங்கத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். ஆகவே, பிடிக்காதவரை முதலாளி வேலையைவிட்டு நீக்கினால் அந்தப் பதவியும் போயிற்று. வெளியாளையும் நியமித்துக்கொள்ளலாம் என்ற திருத்தம் 1887இல்தான் வந்தது.