விதைநெல் விருந்து

விருந்தோம்பல் தமிழரின் தலையாய பண்பு என்று நம் சங்க மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். கேட்டு மகிழ்ந்து கைதட்டுகிறோம். கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில், "நாளை ஊரிலிருந்து நால்வர் வருகிறோம்" என்று தொலைபேசியில் செய்தி வந்தால் அந்த மகிழ்ச்சி முகத்தில் நிற்கிறதா? "ஒரே அறை, தண்ணீர் வருவது விடியற்காலையில் சிறிது நேரந்தான், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்" என்று காரணங்கள் வரிசையாய் வருகின்றன. அவை பொய்க் காரணங்கள் அல்ல. தாராவியிலோ செம்பூரிலோ குடித்தனம் நடத்துவோர் எவரும் அவற்றை மறுக்க மாட்டார்கள். ஆயினும், கடையும் அண்டை வீடும் இல்லாத காட்டோரத்திலும் வயல்வெளியிலும் குடியிருந்த நம் முன்னோர் இரவில் வந்த விருந்தினர்க்கு எவ்வாறு சோறிட்டனர் என்பதை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். விருந்து என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாகப் பாடப்படும் நூல்வகையைத் தொல்காப்பியர் விருந்து என்ற சொல்லாலேயே குறித்தார். வள்ளுவரும் இல்லறத்தான் பேண வேண்டியவர்களை எண்ணுகையில் விருந்தினரை வேறாகவும், ஒக்கலாகிய சுற்றத்தாரை வேறாகவும் வைத்தார். மாமனுக்கும் மைத்துனனுக்கும் இலை போடுவது உறவின் கடமை. முன்பின் அறியாத புதியவருக்கு இலை போடுவதே விருந்து.

உள்ளதைக் கொடுத்தவர்கள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழிநெடுகக் கிடைக்கும் உணவு சொல்லப்படுகிறது. வறண்ட நிலத்து எயினர் செந்நிறச் சோற்றுடன் உடும்புக் கறி தருவர். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும் உண்டு. புன்செய் உழவர் வீட்டில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். நன்செய் உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்த்த கோழியும் கிடைக்கும்.

இப்பட்டியலில் ஒன்று கவனிக்கத் தக்கது. எயினன் வெண்ணெல் தேடி ஓடவில்லை. ஆயன் கோழிக்காகக் கலங்கவில்லை. அவரவர் அன்றாடம் உண்பது எதுவோ அதுவே விருந்தினர்க்கும் கிடைத்தது. நாமோ விருந்தென்றால் வடையும் பாயசமும் மூன்று பொரியலும் வேண்டும் என்று நாமே ஒரு சட்டம் செய்துகொண்டு, அதை நிறைவேற்ற இயலாமையால் விருந்தையே கைவிட்டு வருகிறோம்.

மாதரி வீட்டுப் பந்தி

சிலப்பதிகாரத்தில் மதுரையின் புறஞ்சேரியில் வாழ்ந்த இடைக்குல மூதாட்டி மாதரியிடம் கண்ணகியைக் கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்தார். வந்தவர்கள் சமண நெறியினர் என்பதையும், அந்நெறியினர் பகற்பொழுதிலேயே உண்ண வேண்டியவர்கள் என்பதையும் அறிந்த மாதரி, தன் வீட்டுச் சமையலை அவர்கள்மேல் திணிக்கவில்லை. தனி மனை ஒன்றை ஒதுக்கினாள். நல்ல கலங்களையும் சாலி அரிசியையும் காய்கனிகளையும் பாலையும் நெய்யையும் கொடுத்து, கண்ணகி தன் கையாலேயே சமைக்கும்படி செய்தாள். மாதரியின் மகள் ஐயை துணை நின்றாள்.

மாட்டுங்காவில் சமணக் குடும்பங்களின் அடுத்த கதவில் வாழும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். கதிரவன் மறைந்தபின் உண்ணாத அண்டை வீட்டாரை இரவு ஒன்பது மணி விருந்துக்கு அழைப்பது அன்பாகாது. சர்க்கரை நோயுள்ள பெரியவரிடம் "ஒரே ஒரு இனிப்பு" என்று கெஞ்சுவதும் அவ்வாறே. விருந்தினரின் வழக்கத்தை அறிந்து நடப்பது, நாம் படைக்கும் பண்டத்தினும் பெரிது.

இளையான்குடியின் மழை இரவு

இவ்வரலாறுகளுக்கெல்லாம் முடிமணியாய் நிற்பது இளையான்குடி மாறனார் வரலாறு. இன்றைய சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியில் வாழ்ந்த இவ்வுழவர் பெருமகனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். நாள்தோறும் அடியார்க்கு அமுதளித்த அவருடைய செல்வம் குறைந்தது. நிலங்களை விற்றும் அறத்தை விடாது நின்றார். கார்காலத்து ஓர் இரவு, உண்ண ஏதுமின்றிக் கதவடைத்தபின், நனைந்த உடலோடு ஓர் அடியார் வந்து நின்றார்.

மாறனார் கதவைத் திறந்து அவரது ஈரத்தைத் துடைத்து இருக்கை தந்தார். பின்னர் மனைவியாரிடம் யோசனை கேட்டார். வீட்டில் ஒன்றுமில்லை, இனிக் கடன் தருவாரும் இல்லை, பொழுதும் போய்விட்டது என்று உள்ளதை உள்ளபடி கூறிய அவ்வம்மையார் ஒரு வழியும் சொன்னார். அன்று பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் இயன்றவாறு அமுதாக்கலாம் என்றார். மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருளில் காலால் வழி தடவி வயலுக்குச் சென்று, நீரில் மிதந்த விதைநெல்லை அள்ளி வந்தார். விறகில்லை என்றதும் கூரையின் வரிச்சுக் கழிகளை அறுத்துத் தந்தார். ஈரநெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கினார் அம்மையார். கறிக்கு ஏது வழி? புன்செய்க் குழியில் முற்றாத கீரையை மாறனார் பறித்து வர, அதையே தம் கைத்திறத்தால் பல கறிகளாக்கினார்.

விதையை எடுத்தால் அடுத்த ஆண்டு விளைச்சல் ஏது? விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பவன் நிலத்துக்கு விதையிடவும் வேண்டுமோ என்று வள்ளுவர் கேட்ட கேள்விக்கு, இவ்விருவரும் தம் வாழ்க்கையையே விடையாக வைத்தனர்.

சேக்கிழார் அவ்வம்மையாரின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவ்விரவில் வழி கண்டது அவரே. சேற்றில் இறங்கியதும், கூரையைப் பிரித்ததும், கீரை பறித்ததும் கணவர். வேலை இருவர்க்கும் பொதுவாயிற்று. ஆதலால் விருந்தும் இருவர்க்கும் பொதுவாயிற்று.

நம் வீட்டு நிலை

மும்பையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. தெருமுனையில் இட்லி மாவு கிடைக்கிறது. கைப்பேசியில் சொன்னால் நள்ளிரவிலும் பொட்டலம் வாயிலுக்கு வருகிறது. நமக்குக் குறைவாயிருப்பது மாறனார் வீட்டிலிருந்த ஒருமனமே. நெருக்கும் மின்ரயிலில் நின்றபடி வீடு சேர்ந்த மனைவி அடுப்படியில் நிற்க, விருந்தை அழைத்த கணவர் கூடத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேசும் வீடுகள் பல. அங்கே அந்தப் பெண்மணியின் முகம் வாடினால் குற்றம் அவருடையதன்று. அனிச்சம் முகர்ந்தால் வாடும், விருந்தினரோ நம் முகம் மாறினால் வாடுவர் என்றார் வள்ளுவர். முகம் மாறாதிருக்க வேண்டுமானால் காய் நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் ஆண் கைகளும் முன்வர வேண்டும்.

விருந்து எளிமையாகவும் இருக்கலாம். சாம்பார் சோறு, தயிர்ச்சோறு, அப்பளம் போதும். அதற்கும் இயலாத நாளில், மாட்டுங்கா நிலையத்தருகே 1942 முதல் நடந்துவரும் இராம நாயக் அவர்களின் உடுப்பி உணவகம் போன்ற இடங்களுக்கு அழைத்துச் சென்று உடனிருந்து உண்பதும் விருந்தே. வருகிறவர்களும் எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை முன்னதாகத் தெரிவிப்பது நன்று.

இன்று யார் நம் விருந்தினர்? பரேலில் 1941-இல் தொடங்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளியும் அவருடன் வந்தவரும். நேர்முகத் தேர்வுக்காகத் தாதரில் இறங்கும் இளைஞன். முதல் வேலைக்கு வந்து விடுதியில் தனியே உண்ணும் பெண். மொழி புரியாத நகரில் இவர்களுக்கு ஒரு வேளைச் சோறு பசியை மட்டும் தீர்ப்பதில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த முதல் தலைமுறையினர் தகரக் கூரையின்கீழ் பத்தடி அறையில் வாழ்ந்தபோதும், ஊரிலிருந்து வந்த புதியவனுக்குப் பாயில் பாதியும் சோற்றில் பாதியும் கொடுத்தார்கள். நம்முள் பலருடைய குடும்பம் இந்நகரில் வேரூன்றியது அந்த ஒரு பிடிச் சோற்றால்தான். இப்போது தாராவி மறுசீரமைப்பில் தகுதி பெறும் வீட்டுக்கு 350 சதுர அடி என்று 2024-இல் அறிவிக்கப்பட்டுள்ளது. தெருவை நோக்கித் திறந்திருந்த வாயில்கள் அடுக்குமாடிக் கதவுகளாக மாறப்போகின்றன. இடம் பெருகும்போது மனம் சுருங்கிவிடாமல் காப்பது நம் பொறுப்பு.

சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை, உறவினரல்லாத ஒருவரை வீட்டுக்கு அழைத்து, தாம் உண்பதையே அவர்க்கும் இட்டு உடன் உண்ண வேண்டுகிறோம். பரிமாறும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். மாறனார் வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, கையில் கரண்டியோடு அவர்கள் நன்கு கற்பார்கள்.