கம்பம் பள்ளத்தாக்கின் உரச் சந்தை: விலை நிலவரமும் வரும் ஆண்டுகளும்

தேனி மாவட்டத்தில், குமுளி மலைச்சாலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் லோயர் கேம்ப். கூடலூரை அடுத்துள்ள இவ்வூரில் முல்லைப் பெரியாற்றின் நீர் மலையிலிருந்து குழாய்கள் வழியே இறங்கி, பெரியாறு மின் நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. வழக்கமாக ஜூன் மாதத்தில் இந்த நீர் திறக்கப்பட்டதும் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களில் முதல் போக வேலைகள் தொடங்குகின்றன. லோயர் கேம்ப் முதல் சின்னமனூர் வரையிலான உரக்கடைகளுக்கும் கூட்டுறவு சங்கங்களுக்கும் அந்த ஆண்டின் முதல் நெருக்கடி காலம் அப்போதுதான் தொடங்கும்.

தண்ணீர் எப்போது வரும் என்பது அணையின் நீர்மட்டத்தைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். உரம் எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்பதை அப்படிச் சொல்லிவிட முடிவதில்லை. கத்தாரின் எரிவாயு, கனடா, ரஷ்யா, பெலாரஸ் நாடுகளின் பொட்டாஷ் சுரங்கங்கள், சீனாவின் ஏற்றுமதி அனுமதி, டெல்லியின் மானிய அறிவிப்பு ஆகியவை சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. இவை எல்லா உரத்தையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதே இச்சந்தையைப் புரிந்துகொள்ளத் தேவையான முதல் செய்தி.

மூன்று உரங்கள், மூன்று விலை முறைகள்

யூரியாவின் சில்லறை விலையை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. வேப்பெண்ணெய் பூசிய 45 கிலோ மூட்டையின் விலை ரூ.266.50. 2018 மார்ச் வரை 50 கிலோவாக இருந்த மூட்டை 45 கிலோவாகச் சிறுத்ததே தவிர, கிலோ விலை 2012க்குப் பிறகு ஏறத்தாழ அசையவில்லை. உற்பத்திச் செலவுக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான தொகை முழுவதையும் அரசு மானியமாக நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடுகிறது.

டி.ஏ.பி., பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் உரங்கள் 2010 ஏப்ரல் முதல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் உள்ளன. இங்கே அரசு மானியத்தைத்தான் நிர்ணயிக்கிறது. விலையை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம் என்பது ஏட்டளவிலான விதி. நடைமுறையில் டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 2022 முதல் ரூ.1,350 என்ற அளவிலேயே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. சந்தை விலை உயரும்போதெல்லாம் மானியத்தைக் கூட்டியோ, சிறப்புத் தொகை கொடுத்தோ அந்த விலை காக்கப்படுகிறது. ஆகவே டி.ஏ.பி.யைப் பாதி கட்டுப்பாட்டில் உள்ள உரம் எனலாம்.

பொட்டாஷுக்கு அந்தக் காவல் இல்லை. இந்தியாவில் பொட்டாஷ் தாது வெட்டியெடுக்கப்படுவதில்லை. தேவை முழுவதும் இறக்குமதியே. 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கிலோ சாம்பல் சத்துக்கு ரூ.25.31 மானியம் இருந்தது. 50 கிலோ மூட்டைக்கு இது ஏறத்தாழ ரூ.760. 2023 அக்டோபரில் அது கிலோவுக்கு ரூ.2.38 ஆகக் குறைக்கப்பட்டது, அதாவது மூட்டைக்கு ரூ.71. 2025 அக்டோபர் முதல் 2026 மார்ச் வரையிலான பருவத்திலும் இதே ரூ.2.38 நீடித்தது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த பொட்டாஷ் மூட்டை 2022இல் ரூ.1,700 வரை சென்றது. அதன் பிறகு சற்று இறங்கினாலும் ரூ.1,500க்கு மேலேயே நிற்கிறது.

மூட்டை விலையை விடச் சத்தின் விலையைக் கணக்கிட்டால் நிலைமை தெளிவாகும். ரூ.266.50 யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. ஒரு கிலோ ஏறத்தாழ 13 ரூபாய். டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்துக்கு அதே விலையைக் கழித்துவிட்டால் மணிச்சத்து கிலோ 54 ரூபாய் ஆகிறது. பொட்டாஷ் மூட்டை ரூ.1,500 என்று வைத்துக்கொண்டாலும் சாம்பல் சத்து கிலோ 50 ரூபாய். ஒன்றுக்கு 13, மற்ற இரண்டுக்கும் 50க்கு மேல் என்று விலை இருந்தால் எந்த விவசாயியும் எதைக் கூடுதலாகப் போடுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்த நெல் வயலில் குலைநோயும் புகையானும் எளிதில் பற்றும். உரத்தில் மிச்சப்படுத்திய பணம் மருந்துக் கடைக்குப் போகும்.

நெல்லும் வாழையும்

கம்பம் பள்ளத்தாக்கு நெல்லை மட்டும் நம்பிய பகுதி அன்று. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, சின்னமனூர், கம்பம் சுற்றுவட்டாரத்தின் ஜி-9 வாழை, தென்னை, கரும்பு, காய்கறி எனப் பல பயிர்கள் இங்கு உண்டு. லோயர் கேம்ப் பகுதியிலிருந்து பிரியும் 18ஆம் கால்வாயும், கிணறுகளும், ஆழ்குழாய்க் கிணறுகளும் நெல் வயலுக்கு வெளியே உள்ள நிலங்களுக்கு நீர் தருகின்றன.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரைப்படி, குறுகிய கால நெல்லுக்கு (காவிரிப் பாசனம் போன்ற சில பகுதிகள் நீங்கலாக) ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 120:40:40 கிலோ. ஏக்கர் கணக்கில் இது சுமார் இரண்டு மூட்டை யூரியா, அரை மூட்டை பொட்டாஷ். தோட்டக்கால் வாழைக்குப் பரிந்துரை மரத்துக்கு 110:35:330 கிராம். ஏக்கருக்கு ஆயிரம் மரம் என்று கொண்டால் 5 மூட்டைக்குச் சற்று மேல் யூரியாவும் 11 மூட்டை பொட்டாஷும் தேவை. யூரியாவுக்கு ஏறத்தாழ ரூ.1,400 செலவாகும் இடத்தில் பொட்டாஷுக்கு ரூ.16,500.

பொட்டாஷ் மூட்டைக்கு 300 ரூபாய் ஏறினால் நெல் விவசாயிக்கு ஏக்கருக்கு 160 ரூபாய் அளவில் கூடும். வாழை விவசாயிக்கு ரூ.3,300 கூடும். இருவரும் ஒரே கால்வாயின் அக்கரை, இக்கரையில் இருக்கலாம். ஆனால் ஒருவர் அரசு விலையிலும் மற்றவர் உலக விலையிலும் வாழ்கிறார். வாழைத்தாருக்கு வியாபாரி சொல்லும் விலையில் பொட்டாஷ் விலையேற்றம் சேர்க்கப்படுவதில்லை என்பதால் இந்தச் சுமை முழுவதும் விவசாயியின் கையிலிருந்தே போகிறது.

திராட்சைத் தோட்டங்களின் நிலை இன்னும் நுட்பமானது. சொட்டுநீருடன் கலந்து விடும் 19:19:19, 13:0:45, 0:0:50 போன்ற நீரில் கரையும் உரங்களின் பெரும்பகுதியை இந்தியா சீனாவிலிருந்து வாங்கி வந்தது. 2025 நடுவில் சீனா இவற்றின் வரத்தைத் தடுத்தபோது விலை சட்டென்று ஏறியது. ஆகஸ்ட்டில் இரு நாட்டுப் பேச்சுக்குப் பின் தடை தளரும் என்று உறுதி கிடைத்தது. கவாத்து செய்த கொடி அந்த இடைவெளியில் காத்திருக்காது.

மலிவான யூரியாவின் மறுபக்கம்

விலை ஏறாது என்றால் யூரியாவில் ஆபத்து இல்லை என்று பொருளாகாது. ஆபத்து தட்டுப்பாடாக வருகிறது. 2024-25இல் நாடு முழுவதும் சுமார் 388 லட்சம் டன் யூரியா விற்றது. உள்நாட்டு உற்பத்தி 306 லட்சம் டன் அளவில் இருந்தது. மீதி இறக்குமதியாலும் இருப்பாலும் சரிக்கட்டப்பட்டது. 2025இல் மழை நன்றாகப் பெய்து சாகுபடி விரிந்தபோது இறக்குமதி பின்தங்கியதால், ஆகஸ்ட்டில் பல மாநிலங்களில் உரக்கடைகளின் முன் வரிசை நின்றது.

கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கு ஒரு போகத்துக்குத் தேவையான யூரியா 14,707 ஏக்கருக்கு இரண்டு மூட்டை வீதம் ஏறத்தாழ 1,300 டன். ஐம்பதாயிரம் டன் ஏற்றிவரும் ஒரு கப்பலில் இது மிகச் சிறு பங்கு. ஆனால் நடவு அடுத்தடுத்து நடப்பதால் மேலுரத் தேவை சில வாரங்களுக்குள் குவிகிறது. அதே வாரங்களில் மற்ற மாவட்டங்களும் வட மாநிலங்களும் அதே உரத்தைக் கேட்கின்றன. தூர் கட்டும் பருவத்தில் போடவேண்டிய மேலுரம் இருபது நாள் தாமதமானால், பிறகு எவ்வளவு போட்டாலும் அந்த இழப்பு ஈடாகாது.

தட்டுப்பாட்டு நாட்களில் ரூ.266.50 என்பது மூட்டையில் அச்சிட்ட விலையாக மட்டுமே நிற்கும். யூரியா வேண்டுமானால் திரவ உரத்தையோ, நுண்ணூட்டத்தையோ சேர்த்து வாங்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வழக்கம் நாடு முழுவதும் புகாராக வந்துள்ளது. அரசு இதைத் தடை செய்திருந்தாலும் அவசரத்தில் இருப்பவர் பேரம் பேசமாட்டார். 2018 முதல் விற்பனை முனையக் கருவியில் ஆதார் பதிவு செய்தே மானிய உரம் விற்கப்படுகிறது. இது விற்பனையைக் கணக்கில் கொண்டுவந்தது, வரத்தைக் கூட்டவில்லை. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனின் ஒரு பகுதி உரமாகவே கிடைக்கும் என்றாலும், நிலப் பத்திரம் இல்லாத குத்தகை விவசாயி பெரும்பாலும் தனியார் கடையின் கடன் நோட்டையே நம்பவேண்டியிருக்கிறது.

லோயர் கேம்ப்புக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. மானிய உரம் மாநிலவாரியாக ஒதுக்கப்படுகிறது. 1973ஆம் ஆண்டின் உரப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அனுமதியின்றி அதை வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. மலைச்சாலையின் மேல் முனை கேரளம். தேனி மாவட்டத்தவர் பலரின் ஏலத் தோட்டங்கள் அங்கேதான் உள்ளன. ஒரே குடும்பத்தின் கீழ்நிலத்துக்கும் மேல்தோட்டத்துக்கும் இரண்டு மாநிலங்களின் ஒதுக்கீடு.

உலகச் சந்தை தரும் அறிகுறிகள்

யூரியாவின் மூலப்பொருள் இயற்கை எரிவாயு. தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் மணலியில் உள்ள சென்னை உரத் தொழிற்சாலையும் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறிவிட்டன. ராமகுண்டம், கோரக்பூர், பரௌனி, சிந்திரி ஆகிய இடங்களில் ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் திறனுள்ள ஆலைகள் அண்மை ஆண்டுகளில் இயங்கத் தொடங்கின. இதனால் யூரியா இறக்குமதி குறைந்தது உண்மை. ஆனால் ஆலைகளுக்கான எரிவாயுவின் பெரும்பங்கு திரவ வடிவில் கப்பலில் வருகிறது. இறக்குமதிச் சார்பு யூரியாவிலிருந்து எரிவாயுவுக்கு இடம் மாறியிருக்கிறது என்பதே சரியான கணிப்பு. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் மோதலின்போது இஸ்ரேலிய எரிவாயு நின்று எகிப்தின் யூரியா ஆலைகள் மூடப்பட்டன. சில நாட்களில் உலக விலை ஏறியது.

2021 நவம்பரில் இந்தியா வாங்கிய யூரியா டன்னுக்குக் கிட்டத்தட்ட 1,000 டாலரைத் தொட்டது. அன்றைய நாணய மதிப்பில் 45 கிலோ மூட்டைக்கு இது மூவாயிரம் ரூபாய்க்கு மேல். 2025 ஆகஸ்ட்டில் விலை 530 டாலர் அளவில் இருந்தது. விவசாயி இரண்டு சமயத்திலும் ரூ.266.50தான் கொடுத்தார். வித்தியாசத்தைச் சுமந்தது அரசின் கருவூலம்: 2022-23இல் உர மானியம் சுமார் ரூ.2.5 லட்சம் கோடி. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கியது சுமார் ரூ.1.67 லட்சம் கோடி.

பொட்டாஷில் இந்தியாவின் இறக்குமதி ஒப்பந்த விலை 2022இல் டன்னுக்கு 590 டாலர், 2024இல் 280 டாலர் அளவு, 2025இல் 349 டாலர் என்று ஆடியிருக்கிறது. கிலோவுக்கு ரூ.2.38 மானியம் நீடிக்கும்வரை இந்த ஆட்டம் அப்படியே கம்பத்தின் கடைக்கு வந்து சேரும். டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால், ஒப்பந்த விலை மாறாவிட்டாலும் மூட்டை விலை ஏறும். டி.ஏ.பி.யைப் பொறுத்தவரை, சவுதி அரேபியாவின் மாடன் நிறுவனத்துடன் 2025 ஜூலையில் ஆண்டுக்கு 31 லட்சம் டன் வீதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஏற்பட்டுள்ளது. சீன வரத்து சுருங்கியதற்கு இது ஒரு மாற்று. விலை மலிவாகும் என்ற உறுதி அதில் இல்லை.

யூரியாவையும் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் பலமுறை பரிந்துரைத்துள்ளது. அப்படிச் செய்தால் யூரியா விலை ஏறும், பொட்டாஷுக்கு இடம் கிடைக்கும். நெல் விவசாயிக்கு அது நஷ்டமாகவும் வாழை விவசாயிக்கு லாபமாகவும் முடியலாம். எந்த அரசும் இதுவரை அதைத் தொடாததற்குக் காரணம் முதலில் சொன்னவர்களின் எண்ணிக்கையே.

தொழுவும் தழையும்

விலை உயரும்போது தொழு உரத்தின் பேச்சு எழுவது இயல்பு. கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு நெடிய மரபு உண்டு. மலைமாடுகளைப் பட்டியாக வளர்ப்போர் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவர். தொழுச் சாணம் கேரளத்தின் தோட்டங்களுக்கும் விற்பனையாகும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. மேய்ச்சல் சுருங்கினால் மந்தையும் சுருங்கும், சாணமும் குறையும். ரசாயன உரத்துக்கு மாற்று தேடும் நேரத்தில் அந்த மாற்றின் வரத்தே குறைவது இப்பகுதியின் முரண்.

தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிர் தழைச்சத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்யும். தமிழ்நாடு அரசு 2024-25இல் தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இதன் விதை வழங்கப்படுகிறது. ஆனால் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழ ஆறு வாரமேனும் வேண்டும். ஜூனில் தண்ணீர் வந்து, அந்தத் தண்ணீரிலேயே நாற்றங்காலும் போடவேண்டிய வயலில் அந்த ஆறு வாரம் கோடை மழையைப் பொறுத்தது. இலங்கை 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்து, விளைச்சல் சரிந்ததால் நவம்பரில் கைவிட்டதும் இந்தக் கால அவகாசத்தைக் கணக்கில் கொள்ளாததால்தான்.

வாழைக்கும் திராட்சைக்கும் தேவையான சாம்பல் சத்தைத் தக்கைப்பூண்டு தராது. மண் பரிசோதனை செய்து, ஏற்கெனவே மண்ணில் உள்ளதைக் கழித்துக்கொண்டு, வாழைத்தண்டையும் இலையையும் தோட்டத்திலேயே மக்கவிட்டால் பொட்டாஷ் மூட்டைகளில் சிலவற்றைக் குறைக்கலாம். தார் வெட்டிய பிறகு வரப்பில் போட்டு எரிக்கப்படும் மரங்களில் உள்ளது, கடையில் கிலோ 50 ரூபாய்க்கு வாங்கிய அதே சத்து.