மயிலாப்பூர் வக்கீலும் ஒரு வங்கியும்

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, சென்னைத் துறைமுகத்தை அடுத்து பிரக்யாதியுடன் விளங்கிய வெள்ளையர் வங்கியான அர்பத்நாட் கம்பெனி, இனிப் பணம் தருவதற்கில்லை என்று கையை விரித்தபோது, ஜமீன்தார்கள் முதல் ஜீவனாம்சத்தை நம்பி நாள் கழித்த விதவைகள் வரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே பகலில் நிர்க்கதியாயின. துரைமாரிடம் கொடுத்த பணம் கோட்டையில் வைத்த பணம் என்று எண்ணிய காலம் அது. போட்ட பணத்துக்கு வேறு காவல் அன்று இல்லை: ரிசர்வ் வங்கி பிறந்தது 1935-ல். டெபாசிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது 1962-ல். லண்டன் கூட்டாளி மக்ஃபாடியன் கைப்பணத்தைச் சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் இறைத்துவிட்டு ரயிலின் முன் விழுந்து மாண்டதும், சென்னைச் சேமிப்புகளும் அவரோடு போயின. கம்பெனியின் சென்னைத் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது; போன பணம் அதனால் திரும்பிவிடுமா?

கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்று வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், வழக்கோடு நின்றிருந்தால் அவரை இன்று நாம் நினைக்கவேண்டிய அவசியமே இராது. வங்கப் பிரிவினையால் மூண்ட சுதேசியக் கனல் எங்கும் பரவி, தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் கம்பெனி கண்ட அதே வருஷத்தில், நம்மவர் திரவியத்தை நம்மவரே காக்கும் ஸ்தாபனம் ஒன்று வேண்டுமென்று அவர் வீடு வீடாய் எடுத்துரைத்தார். பர்மா, இலங்கை, மலாயா வரை லேவாதேவி செய்து பழுத்த நகரத்தார் பிரமுகர்கள் பங்கு கொண்டனர். 1907 மார்ச் 5-ல் பதிவாகி, ஆகஸ்டு 15-ல் இந்தியன் வங்கி கதவு திறந்தது. அரசியலில் அவர் மிதவாதி. ஆனாலும் தீவிரவாதியான பாரதியின் தேசியப் பாட்டுகளைக் கேட்டு உருகி, 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாய் வழங்கிய பெருமனம் அவருடையது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இன்றும் நிற்கும் சம்ஸ்கிருதக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. 1911-ல், நாற்பத்தெட்டே வயதில், காலமானார்.

அந்த வங்கி 1969 ஜூலை 19-ல் தேசிய உடைமையாயிற்று. அதன் மயிலாப்பூர்க் கிளையில் பென்ஷன் வரும் நாட்களில், பட்டுநூல் கட்டிய மூக்குக்கண்ணாடியோடு ஒரு பாட்டி பெஞ்சில் அமர்ந்து, பாஸ்புக்கில் புதிதாய்ப் பதிந்த வரியை விரலால் தடவிப் படித்து, இடுப்புச் சுருக்குப்பையில் செருகிக்கொண்டு, நிதானமாகப் படியிறங்கிப் போவதைப் பார்க்கிறேன்.