மைனிங் ரிக்கில் கிராபிக்ஸ் கார்டு தெரியவில்லையா? 'கார்டு போச்சு'னு முடிவு கட்டும் முன் இதைப் பாருங்க!

ஆறு கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருக்கிறது. ஆறிலும் ஃபேன் சுற்றுகிறது. ஆனால் திரையில் ஐந்து கார்டுதான் வருகிறது. மைனிங் ரிக் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு நாளாவது சந்திக்கும் தலைவலி இது. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இருப்பவர் இதற்காக கார்டைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்கோ, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ போனால் ஒரு நாள் பொழப்பு போச்சு. கார்டு நல்லா இருந்து, அதில் மாட்டிய சின்ன உதிரிபாகம் மட்டும் கெட்டிருந்தால்? பெரும்பாலும் நடப்பது அதுதான்.

இப்போது இந்தச் சிக்கல் அதிகம் வரக் காரணம், கைமாறி வந்த பழைய கார்டுகள். 2022 செப்டம்பர் 15-ம் தேதி எத்தீரியம் 'மெர்ஜ்' என்ற மாற்றத்துக்குப் போனது. அன்றோடு கிராபிக்ஸ் கார்டை வைத்து எத்தீரியம் எடுப்பது முடிவுக்கு வந்தது. பிட்காயினை ஏற்கெனவே அதற்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன. ரிக் வைத்திருந்தவர்கள் சிலர் எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின் என்று மாறினார்கள். நிறைய பேர் கார்டுகளை விற்றார்கள். அப்படி இரவு பகலாக ஓடிய கார்டுகள்தான் இன்று 'நல்ல கண்டிஷன்' என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன.

எங்கே தெரியவில்லை?

முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பயாஸிலேயே கார்டு தெரியவில்லை என்றால் கோளாறு வயர், பவர், ஸ்லாட் பக்கம். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு தெரிந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. டிரைவரையோ, கார்டுக்குள் இருக்கும் பயாஸையோ பார்க்கணும். விண்டோஸில் சரியாகத் தெரிந்து, மைனிங் மென்பொருளில் மட்டும் வரவில்லை என்றால் கார்டின் மெமரி அந்தக் காயினுக்குப் போதவில்லையா என்று பாருங்க. எத்தீரியத்திலேயே 2020 கடைசியில் 4 ஜிபி கார்டுகள் இப்படித்தான் வெளியே போயின. லினக்ஸ், ஹைவ் ஓஎஸ் பயன்படுத்துபவர்கள் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுத்தால் மதர்போர்டு எத்தனை கார்டைப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் சந்தேகம் ரைசர் மேல்

ரிக்கில் கார்டுகள் நேராக மதர்போர்டில் உட்காருவதில்லை. நடுவில் ரைசர் என்ற சின்ன போர்டு இருக்கும். அதிலிருந்து யுஎஸ்பி 3.0 கேபிள் போல ஒன்று மதர்போர்டுக்குப் போகும். பார்க்கத்தான் யுஎஸ்பி, உள்ளே ஓடுவது பிசிஐஇ சிக்னல். அதனால் கம்ப்யூட்டரின் சாதாரண யுஎஸ்பி போர்ட்டில் அதைச் செருகவே கூடாது.

ரிக்கில் விலை குறைந்த பாகம் இதுதான், முதலில் படுப்பதும் பெரும்பாலும் இதுதான். இன்னொரு விஷயம், ஃபேன் சுற்றுவதற்கு கார்டுக்கு பவர் வந்தாலே போதும். சிக்னல் போகவில்லை என்றாலும் அது சுற்றும். ஃபேனை நம்பி ஏமாறாதீங்க.

சோதிக்கும் வழி எளிது. ரிக்கை அணைத்து, பவர் சப்ளை சுவிட்சையும் ஆஃப் செய்யுங்க. மற்ற எல்லா கார்டையும் கழற்றிவிட்டு, சந்தேகப்படும் கார்டை ரைசர் இல்லாமல் மதர்போர்டின் பெரிய ஸ்லாட்டில் நேராக மாட்டுங்க. தெரிந்தால் கார்டு பிழைத்தது. பிறகு அதே கார்டை, நன்றாக ஓடும் இன்னொரு கார்டின் ரைசரில் மாட்டிப் பாருங்க. அங்கும் ஓடினால் பழைய ரைசரோ, கேபிளோ, அந்த ஸ்லாட்டோதான் குற்றவாளி. ஒரு முறைக்கு ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றணும். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு ஓடினால், எது கெட்டது என்று கடைசி வரை தெரியாது.

பவர் கேபிளில் அலட்சியம் வேண்டாம்

இதில் பணத்தைத் தாண்டி தீ ஆபத்தும் இருக்கிறது. ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம் என்பது பிசிஐஇ விதி. ஹார்டு டிஸ்குக்கு வரும் சாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். ஆனாலும் பல ரைசர்களோடு சாட்டா கன்வெர்ட்டர் கேபிளை இலவசமாகக் கொடுக்கிறார்கள்! அதை மாட்டி இரவு முழுக்க ஓட்டினால் கனெக்டர் உருகலாம். ரைசருக்கு 6 பின் கேபிள் கொடுப்பதே பாதுகாப்பு. கனெக்டர் பழுப்பேறி இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அதோடு ரிக்கை நிறுத்திடுங்க.

ஒரு கம்பெனி பவர் சப்ளையின் கழற்றும் கேபிளை இன்னொரு கம்பெனி பவர் சப்ளையில் மாட்டுவதும் ஆபத்து. கார்டு பக்கம் முனை ஒன்றுபோல இருந்தாலும், சப்ளை பக்கம் பின் வரிசை மாறியிருக்கலாம். நல்லா இருந்த கார்டும் அப்படிப் போய்விடும்.

பயாஸில் என்ன மாற்றணும்?

நான்கு கார்டு வரை ஓடுகிறது, ஐந்தாவது மாட்டினால் மட்டும் தெரியவில்லை என்றால் 'அபவ் 4ஜி டீகோடிங்' அமைப்பை ஆன் செய்யுங்க. பிசிஐஇ வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து ஜென் 1 அல்லது ஜென் 2-க்கு இறக்குங்க. ரைசர் கேபிள் வேகமான சிக்னலில் தடுமாறும். மைனிங்குக்கு அந்த வேகம் தேவையும் இல்லை. சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி மாட்டினால் ஒரு ஸ்லாட் தானாக அணைந்துவிடும். இது அந்த போர்டின் மேனுவலில் இருக்கும். யாரும் படிக்காத பக்கம்!

பழைய கார்டு வாங்கியவர்களுக்கு

ஆர்எக்ஸ் 570, 580 போன்ற கார்டுகளில் மைனிங்குக்காக உள்ளே இருக்கும் பயாஸை மாற்றியிருப்பார்கள். விண்டோஸில் டிரைவர் ஏறாது, 'கோடு 43' என்று வரும். கார்டின் ஓரத்தில் இரட்டை பயாஸ் சுவிட்ச் இருந்தால், ரிக்கை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்க. சுவிட்ச் இல்லை என்றால் அசல் பயாஸை ஏற்றணும். சாம்சங், ஹைனிக்ஸ் என மெமரி கம்பெனி மாறினால் பயாஸும் மாறும் என்பதால், இருப்பதை முதலில் சேமித்து வைப்பது அவசியம்.

என்விடியாவின் பி106-100, சிஎம்பி வகை கார்டுகளில் மானிட்டர் மாட்ட இடமே கிடையாது. மைனிங்குக்கென்றே வந்தவை. கேம் விளையாட என்று ஏமாந்து வாங்கியவருக்கு இது 'கோளாறு' போலத் தெரியும்.

வேலூர் வெயிலும் தூசியும் தனி வில்லன்கள். கார்டின் தங்க நிறப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே சில கார்டுகள் எழுந்துகொள்ளும். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிற்சாலை ஒட்டி இருப்பவர்கள் கூடுதலாகப் பார்க்கணும். தோலை முடி நீக்க சல்பைடு பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கருக்கக்கூடியது.

சரி, ஆறாவது கார்டும் ஓடினால் லாபமா?

ஒரு கார்டுக்கு 120 வாட், மற்ற பாகங்களுக்கு 80 வாட் என்று வைத்தால் மொத்தம் 800 வாட். ஒரு நாளைக்கு 19 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லில் சுமார் 1,150 யூனிட். வீட்டு இணைப்பை வேறு பயன்பாட்டுக்கு ஓட்டுவதாக மின்வாரியம் முடிவு செய்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் இரு மடங்கு கட்டணம் விதிக்க முடியும். கிடைத்த காயினை விற்றால் வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30% வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 1% டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. ரிக் வாங்கிய செலவையோ கரண்ட் பில்லையோ இந்த வரிக்கணக்கில் கழிக்க முடியாது.

கார்டைப் புதிதாக வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் ரைசர் இல்லாமல் சாதாரண கம்ப்யூட்டரில் நேராக மாட்டி, டிரைவர் ஏறியபின் பத்து நிமிடமாவது ஓட்டிக்காட்டச் சொல்லுங்க. கூரியரில் வந்தால் பார்சல் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கோங்க.