துணியில் இல்லாத வானவில்

திருமணப் புகைப்படத் தொகுப்பைப் புரட்டும்போது சில வேளைகளில் ஒரு விந்தையைக் காண்கிறோம். மணமகன் அணிந்திருந்ததோ நெருங்கிய மென்கோடுகள் உடைய சாம்பல்நிறக் கோட்டு. படத்திலோ அதன்மீது பச்சையும் ஊதாவுமாய் அலைகள் நெளிகின்றன. துணி சாயம் போயிற்றோ, காமிரா பழுதுற்றதோ என்று வீட்டார் ஐயுறுகின்றனர். இரண்டும் அன்று. இதனை 'முவாரே' என்பர். நீரலை போன்ற மினுமினுப்புடைய பட்டுத் துணிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர் அது.

இது தோன்றும் விதம் யாது? கொசுவலையை இரண்டாக மடித்து ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். எந்த மடிப்பிலும் இல்லாத பெரிய அலைகள் கண்ணுக்குத் தோன்றும். டிஜிட்டல் காமிராவிலும் நிகழ்வது இதுவே. துணியின் இழைவரிசை ஒரு வலை. காமிராவினுள் ஒளியை வாங்கும் நுண்புள்ளிகளின் வரிசை மற்றொரு வலை. ஒரு கோட்டையும் அதன் இடைவெளியையும் பிரித்தறியக் குறைந்தது இரண்டு புள்ளிகளேனும் வேண்டும். கோடுகள் அதனினும் நெருங்கிவிட்டால், காமிரா அவற்றை அகன்ற பொய்ப்பட்டைகளாகப் பதிவு செய்துவிடுகின்றது.

நிறம் எங்கிருந்து வந்தது? கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பார் 1976-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறையையே பெரும்பாலான காமிராக்கள் தழுவியுள்ளன. அதன்படி நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் மட்டுமே உணரும். விடுபட்ட நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு காமிரா ஊகித்துக்கொள்கிறது. நெருங்கிய கோடுகளில் அவ்வூகம் பிழைபடவே, இல்லாத வானவில் எழுகின்றது.

இதனைத் தடுக்க ஒளியைச் சற்றே பரப்பும் வடிகட்டியைச் சில காமிராக்களில் பொருத்துகின்றனர். ஆயின் அது படத்தின் கூர்மையையும் சிறிது மழுக்கும். 2012-ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனம், வடிகட்டி செயற்படும் டி800, அதன் விளைவு நீக்கப்பட்ட டி800இ என இருவகைக் காமிராக்களை வெளியிட்டு, தெரிவைப் படம் எடுப்போரிடமே விட்டது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதற்கண், படம் எடுத்தவுடன் துணிப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தல் நலம். அலை தென்பட்டால் ஓரடி முன்னோ பின்னோ நகரலாம்; கோணத்தை மாற்றலாம். காமிராவில் வசதியிருப்பின் ஒளித்துளையை நன்கு சுருக்கலாம். தாலி கட்டும் வேளையை மீண்டும் நிகழ்த்த இயலாதாகையால், கோடிட்ட உடையை முன்னதாகவே ஒருமுறை படமெடுத்துச் சோதித்தல் இன்னும் சிறப்பு.

மற்றொன்றும் நினைவில் கொள்வோம். படத்தைச் சிறிதாக்கிக் காட்டும் திரையும் சிலபோது இவ்வலைகளைத் தானே உண்டாக்கும். ஆதலின் முழு அளவில் பாராமல் எப்படத்தையும் அழித்துவிடலாகாது. அலை உண்மையிலேயே படத்தில் இருப்பினும், பொய்நிறத்தைக் கணினியில் பெரும்பாலும் தணித்துவிடலாம். மறைந்த பாட்டனாரின் இறுதிப் படம் அதுவாகவே இருக்கக்கூடும். அவரது சட்டையில் நெளியும் வண்ணத்திற்காக அவர் முகத்தை இழத்தல் தகுமோ?