தாத்தா பரணில் கிடைத்த மிக்கி மேண்டில்

பழைய பேஸ்பால் அட்டைகளை விற்கும் இணைய விளம்பரங்கள் எல்லாம் ஒரே கை எழுதியவை போல இருக்கும். தாத்தா காலமானபின் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், திருப்பி வாங்க மாட்டேன். கீழே மங்கலாக ஒரு படம்: நீலப் பின்னணியில் மட்டையோடு நிற்கும் இளைஞன். 1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட வரிசையில் 311ஆம் எண் அட்டை, நியூயார்க் யாங்கீஸ் வீரர் மிக்கி மேண்டில். விலை சில நூறு டாலர்தான்.

கசங்கி, மூலை மழுங்கிய அசலே பல்லாயிரம் டாலருக்குப் போகும் அட்டை அது. நல்ல நிலையில் இருந்த ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ‘எதுவும் தெரியாது’ என்று சொல்கிற பேரனுக்கு, திருப்பி வாங்கக்கூடாது என்பது மட்டும் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் பபுள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் வந்தது போலத்தான் அமெரிக்காவில் பேஸ்பால் அட்டையும் வந்தது. முதலில் சிகரெட் பெட்டிக்குள், பிறகு சூயிங்கம்மோடு. விற்காமல் தேங்கிய 1952 அட்டைகளை 1960 வாக்கில் டாப்ஸ்காரர்களே அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்நிறுவனத்தின் சை பெர்கர் சொல்லியிருக்கிறார். அசலுக்கு இருக்கும் தட்டுப்பாடுதான் போலிக்கு முதலீடு.

போலி எல்லாமே திருட்டு அச்சகத்தில் பிறப்பதில்லை. 1983இல் டாப்ஸே 1952 வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது. பின்பக்கம் மறுபதிப்பு என்றே அச்சிட்டிருந்தார்கள், அளவும் வேறு. அசல் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். மறுபதிப்பு 2½க்கு 3½. அந்த எழுத்தைச் சுரண்டி, மூலையை மழுக்கி, தேநீர்க் கறை ஏற்றினால் பரண் கதைக்குச் சரக்கு தயார். பத்து ரூபாய் ஸ்கேல் ஒன்றே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். விற்பவரிடம் அட்டையை ஸ்கேலோடு வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். தட்டிக் கழித்தால் அதுவே பதில்.

கைக்கு வந்த அட்டையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்க வேண்டும், அதுவும் முகத்தை அல்ல, எழுத்தை. பழைய அட்டைகளில் வீரரின் பெயரும் கறுப்புக் கோடுகளும் தனி மையில் அடைத்து அச்சானவை. ஓரம் கத்தி வெட்டியது போல இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த நகலில் படம், எழுத்து, கோடு எல்லாமே வண்ணப் புள்ளிகளாக உடைந்து தெரியும். 1909 முதல் 1911 வரை வந்த டி206 என்னும் புகையிலை அட்டைகளில் இந்தச் சோதனைக்கு ஏற்ற இடம், அடியில் பழுப்பு மையில் உள்ள பெயர். இருட்டறையில் புற ஊதா விளக்கும் உதவும். காகிதத்துக்கு வெண்மை ஏற்றும் ஒளிர் ரசாயனம் உலகப் போருக்குப் பிறகே பரவலானது. 1909 அட்டை நீலமாகப் பளீரிட்டால் அது அந்தக் காலத்துக் காகிதம் அல்ல. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை. பழைய காகிதத்தில் அச்சடிக்கவும் ஆள் உண்டு. அதே வரிசையில் பெயர் தெரியாத வீரரின் அட்டை ஒன்றைக் குறைந்த விலைக்கு நம்பகமான கடையில் வாங்கி, தடிமனையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இதையெல்லாம்விட எளிது.

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்றுதான் பலர் மதிப்பிட்டுச் சீல் வைத்த அட்டையை நாடுகிறார்கள். 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து எண்ணிட்டுத் தருகின்றன. இந்த ஏற்பாட்டின் வரலாறே ஒரு சிக்கலில்தான் தொடங்குகிறது. பிஎஸ்ஏ முதலாவதாக மதிப்பிட்டது பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் டி206 அட்டை. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991இல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கியது அது. கிடைத்த மதிப்பெண் 8. அட்டை அசல்தான், ஆனால் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். வேறு ஏல மோசடிகளும் சேர்ந்த அந்த வழக்கில் 2015இல் அவருக்கு 20 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

இப்போது உறையே போலியாக வருகிறது. போலி உறையும் லேபிளும் கொண்டு விளையாட்டு அட்டைகளையும் போக்கிமான் அட்டைகளையும் விற்று 20 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டப் பார்த்ததாக, 2024 மே மாதம் இருவர் மீது நியூயார்க்கின் மத்திய அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். ஆகவே உறையின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டி, பெயர் வந்ததும் நிம்மதி அடைவது போதாது. வேறொரு அசல் அட்டையின் எண்ணைப் போலி லேபிளில் அடிப்பது மிகச் சுலபம். தளத்தில் படம் இருந்தால் வெள்ளை ஓரத்தின் அகலம், மூலை மடிப்பு, அச்சுப் புள்ளி ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் ஏமாறினால்? பணம் திரும்புமா என்பது பெரும்பாலும், அதை எந்த வழியில் கட்டினீர்கள் என்பதில் அன்றே முடிவாகிவிடுகிறது. பேபாலில் சரக்குக்கான பணமாகச் செலுத்தியிருந்தால் 180 நாள் வரை முறையிடலாம். “நண்பருக்கு அனுப்புவது போல அனுப்புங்கள், கமிஷன் மிச்சம்” என்று விற்பவர் குழைந்தால், அந்தப் பாதுகாப்பைத்தான் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். ஜெல் (Zelle) என்னும் பணப் பரிமாற்றச் சேவை வழி அனுப்பியதும் கிஃப்ட் கார்டில் கொடுத்ததும் போனது போனதுதான். ஈபேயில் பொருள் சொன்னபடி இல்லையென்றால் பொதுவாக 30 நாள் அவகாசம். ‘திருப்பி எடுக்க மாட்டோம்’ என்ற வரி போலிச் சரக்குக்குக் கவசமாகாது. கிரெடிட் கார்டு என்றால் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் தர அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. விளம்பரப் பக்கம், உரையாடல், பார்சலைப் பிரிக்கும் வீடியோ எல்லாவற்றையும் முதல் நாளே சேமித்துவிட வேண்டும். விற்பவர் பக்கத்தை அழித்துவிடுவார்.

விளம்பரத்தில் ‘அசல் 1952’ என்று எழுதியிருந்தால் அது சட்டப்படி உத்தரவாதம். லூசியானா தவிர்த்த அமெரிக்க மாநிலங்களில் உள்ள பொது வணிகச் சட்டத்தின்படி பொதுவாக நான்கு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சிறு தொகைக்கு வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். ‘1952 போலத் தெரிகிறது’ என்று நழுவலாக எழுதியிருந்தால் வாதம் பலவீனம். ‘அசல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்காகவே வாங்குமுன் “இது அசல்தானே?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

புகாரை எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவான ஐசி3யில் பதியலாம். அஞ்சலில் வந்திருந்தால் அஞ்சல் புலனாய்வுத் துறையிலும். ஒரு விநோதம்: நகல்களில் ‘நகல்’ என்றோ தயாரித்த ஆண்டையோ பொறிக்க வேண்டும் என 1973இலேயே அமெரிக்கா சட்டம் இயற்றியது. ஆனால் முதலாவது நாணயத்துக்கும், இரண்டாவது தேர்தல் பேட்ஜ் போன்ற அரசியல் பொருளுக்கும்தான். பேஸ்பால் அட்டை அந்தச் சட்டத்தில் இல்லை. எனவே மறுபதிப்பை அச்சிடுவதிலேயே அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை, அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் மோசடிச் சட்டம் வருகிறது. ஏமாந்தவருக்கும் அது பொருந்தும். போலி என்று தெரிந்தபின், போட்ட காசையாவது எடுத்துவிடலாம் என்று அதைச் சொல்லாமல் அடுத்தவர் தலையில் கட்டினால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அவர்தான்.