களத்தின் இடைவெளியைச் சிமெண்டால் அடைக்கலாமா?

காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரையையும், ஈரோட்டுப் பக்கம் வேகவைத்த மஞ்சளையும் சிமெண்டுக் களங்களில் உலர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய களம் ஒரே பலகையாக இராது. பல கட்டங்களாகப் பிரிந்து, நடுவே தார் அடைத்த இடைவெளிகளோடு இருக்கும். நாளடைவில் தார் காய்ந்து உதிரும், அங்கே மண்ணும் சரளையும் சேரும், மழைநீர் இறங்கும், புல் முளைக்கும். "சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டால் என்ன?" என்று தோன்றும். அது கூடாது. ஏன்?

வெப்பத்தால் திடப்பொருள் விரிவடையும் என்று படித்திருக்கிறீர்கள். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கான்கிரீட் தன் நீளத்தில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு நீளும். விடியலில் 20 டிகிரியில் இருந்த களம் பிற்பகல் வெயிலில் 50 டிகிரிக்குச் சூடேறுகிறது என்று கொள்வோம். 10 மீட்டர் நீளப் பலகை எவ்வளவு நீளும்?

10 × 30 × 0.00001 = 0.003 மீட்டர், அதாவது 3 மில்லிமீட்டர்.

இந்த 3 மில்லிமீட்டருக்கு இடம் கொடாமல் முற்றிலும் தடுத்தால், பலகையின் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 75 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை அழுத்தும். நல்ல கான்கிரீட் அதையும் தாங்கும்; ஆனால் விசை சீராகப் பரவினால்தான். இடைவெளியில் ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தால் விசை அந்த ஓரிடத்தில் குவிந்து விளிம்பைப் பெயர்த்துவிடும். மேலே மட்டும் பூசிய சிமெண்டும் இதே தீங்கைத்தான் செய்யும். இரவில் பலகைகள் சுருங்கும்போதோ அந்தப் பூச்சு இழுபட்டு விரிசல் விடும்.

பழுது பார்க்கும் முறை எளிது. பழைய தாரையும் கற்களையும் முழுவதும் சுரண்டி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈரமின்றி உலரவிட வேண்டும். பிறகு அமுங்கக்கூடிய நுரைக் கயிற்றை உள்ளே செருகி, அதன் மேல் பாலியூரிதேன் போன்ற மீள்தன்மையுள்ள பசையை நிரப்ப வேண்டும். 12 மில்லிமீட்டர் அகல இடைவெளிக்கு 6 மில்லிமீட்டர் ஆழப் பசை போதும். அது இரு பக்கங்களில் மட்டுமே ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் தடையின்றி நீள முடியாமல் கிழிந்துவிடும்; அதைத் தடுப்பதும் நுரைக் கயிற்றின் வேலை. பசையின் மேல்மட்டம் களத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இல்லையேல் பலகைகள் விரியும்போது பிதுங்கும்.

எந்த வேளையில் நிரப்புவது? விடியலில் இடைவெளி மிக அகன்றிருக்கும். உச்சி வெயிலுக்குப் பின் மிகக் குறுகியிருக்கும். இரண்டுக்கும் நடுவான, மிதமான சூடுள்ள வேளையே ஏற்றது.

உங்கள் ஊர்க் களத்தில் இடைவெளியின் இருபுறமும் ஒவ்வொரு புள்ளி குறியுங்கள். அவற்றிடையே உள்ள தூரத்தை விடியலிலும் பிற்பகலிலும் வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். அசையாதது போல் கிடக்கும் களம் அன்றாடம் அசைவதை எண்களே காட்டும்.